மூன்று பேர் வந்தால் போதும்

திருத்தணிக்கு இதுவரை ஏழு தடவை போயிருக்கிறேன். ஏழு தடவையும் யாருக்காவது மொட்டை. முதல் மொட்டை எனக்கு (ஃபோட்டோ சாட்சி இருக்கிறது, காட்ட மாட்டேன்). அப்புறம் தங்கை, தங்கையின் இரண்டு பையன்கள், அத்தை பேரன், கடைசியாக... மாமனார். அவருக்கு அங்கே இறக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

எட்டாவது தடவைதான் முடி முழுசாகத் திரும்பி வந்தேன். காரணம், ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பன். "சனிக்கிழமை ஊருக்குப் போறேன், சும்மா ரூம்ல கெடந்து இன்னா பண்ணப் போற? வாயேன்" என்றான். அவன் ஊர் திருத்தணியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சென்ட்ரலில் திருத்தணி லோக்கலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஆவடி வரை நின்றபடி தூங்குகிறவர்கள், திருவள்ளூர் வரை சீட்டுக்கட்டு கோஷ்டி, அரக்கோணம் வரை கொய்யாக்கூடைப் பெண்மணிகள். அரக்கோணம் தாண்டியதும் பெட்டி காலியாகி, பேச்சும் மாறிவிடுகிறது. தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் தெலுங்கில் முடிகிறது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் செல்போனில் யாரையோ தமிழில் திட்டினார், தெலுங்கில் சமாதானம் ஆனார்.

இந்த ஊரின் சரித்திரமே அப்படித்தான். 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. திருப்பதியையும் சேர்த்துத்தான் கேட்டார். போராட்டம், சிறை, ஊர்வலம் எல்லாம் நடந்து, படாஸ்கர் என்பவரை நடுவராகப் போட்டு, பார்லிமென்ட்டில் சட்டம் கொண்டுவந்து, ஒரு வழியாகத் தணிகைமலை இந்தப் பக்கம் வந்தது. ஏழுமலை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோடு எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் இரண்டு பாஷையும் பேசுகிறார்கள். நண்பன் அவன் அப்பாவைக் கூப்பிடுவது 'நைனா'. அம்மாவை மட்டும் தமிழில் 'அம்மா'.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 365 படி, நாளுக்கு ஒன்று கணக்கில். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையையே மறைக்கும். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? கந்த சஷ்டிக்கு எல்லா முருகன் கோயிலிலும் சூரசம்ஹாரம் தூள் பறக்கும்; இங்கே மட்டும் கிடையாது. சண்டையெல்லாம் முடித்துவிட்டு சுவாமி கோபம் தணிந்து உட்கார்ந்த இடம் இது, அதனால்தான் பெயரே தணிகை, இங்கே போய் மறுபடி வேலைத் தூக்கச் சொல்லலாமா? அன்றைக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூவைக் கொட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

கோபம் தணிந்த ஊரே தவிர, சத்தம் தணிந்த ஊர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நாலு கடை ஸ்பீக்கரில் நாலு முருகன் பாட்டு ஒரே சமயத்தில் காதில் விழும். பாட்டுக்குப் பேர் போன ஊர்தான். முத்துசுவாமி தீட்சிதர் இங்கே வந்தபோது ஒரு கிழவர் "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், அதிலிருந்துதான் அவருக்குப் பாட்டு வந்தது என்பது ஐதீகம். முதல் கீர்த்தனை இந்த மலையில்தான் பிறந்தது. அப்புறம் டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. ஜனவரி 1-ம் தேதி ஜனங்கள் எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடுகிறார்களே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் மனம் நொந்து, 'துரைகளுக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறார், அங்கே வாருங்கள்' என்று ஆரம்பித்தது. படிக்கொரு திருப்புகழ், படிக்கொரு கற்பூரம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நடக்கிறது.

அப்பேர்ப்பட்ட ஊருக்குப் பக்கத்தில்தான், பாட்டே இல்லாத ஒரு கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார்கள்.

நண்பன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி எட்டரை. அந்தப் பக்கத்து ஊர்கள் முக்கால்வாசி விசைத்தறி. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை எங்கே போனாலும் வீட்டுக்குள்ளேயிருந்து 'டக்கடிக் டக்கடிக்' என்று வரும். ('ஆர்.கே.' என்றால் ராமகிருஷ்ணராஜு, ராதாகிருஷ்ணன் இல்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது திருத்தணியில்.) முதல் பத்து நிமிஷம் அந்தச் சத்தத்தில் தலை வெடிக்கும். அப்புறம் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிறார்கள்.

நண்பனின் அப்பாவுக்கு எழுபத்திமூன்று வயசு. "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று வரவேற்றுவிட்டு, உடனே தமிழுக்கு மாறி, "சாப்டு, சாப்டு, மெட்ராஸ்ல இன்னாத்த சாப்டப் போறீங்க" என்றார். களி, கருவாட்டுக் குழம்பு. மூன்றாவது உருண்டையின்போதுதான் கேட்டார்:

"தம்பி காலைல கோயிலுக்கு வர்றீங்களா? ஆறு மணிக்கு ஐயர் வந்துடுவாரு."

நான் மலைக்கோயிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கிறிஸ்துவக் குடும்பமாயிற்றே, நமக்காக மலைக்குக் கூட்டிப் போகிறார் போலிருக்கிறது என்று நெகிழ்ந்து, "ஐயா, ஐயர் கஷ்டப்பட வேண்டாம், நானே தர்ம தரிசனத்துல போய்க்கறேன்" என்றேன். நண்பன் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். சர்ச் பாதிரியாரைத்தான் 'ஐயர்' என்கிறார்கள். அவர் சம்சாரம் 'ஐயரம்மா'. பழைய புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் இன்னமும் அப்படித்தான்.

ஐயருக்குப் பொறுப்பு ஆறு ஊர். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆள் ஆறு ஊரிலும் எப்படி இருப்பார்? மாசத்தில் இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மோட்டார் பைக்கில் இங்கே வந்து திருவிருந்து ஆராதனை நடத்திவிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பி அடுத்த ஊர். ஒன்பதரைக்குப் பெரிய சபையில் கீ-போர்டு, ரிதம் பேட், மைக் எல்லாம் வைத்து முழு ஆராதனை. ஊர் ஜனங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து அதற்குப் போய்விடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் மூன்று பேர். பாட்டு கிடையாது. வாய்விட்டுச் சொல்லுகிறதோடு சரி.

"மூணே பேருக்கா?" என்றேன்.

"மூணு பேர் போதும். மூணுக்குக் கொறஞ்சாதான் கெடையாது" என்றார் பெரியவர். அந்த மூன்று பேர் யார் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அதை மொட்டை மாடியில் பாய் விரித்த பிறகு நண்பன் சொன்னான். ஒன்று, அவன் நைனா. இரண்டு, ரிடையர் ஆன ஒரு டீச்சரம்மா. மூன்று, மேற்கு வீட்டுத் தாத்தா. நைனாவுக்கும் தாத்தாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 2009-லிருந்து!

விஷயம் ஒரு புளியமரம். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் வரப்பு. வரப்பு மேல் மரம். யாரோ ஒரு வருஷம் வரப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். யார் என்பதில்தான் அபிப்பிராய பேதம். புளி உலுக்கின அன்றைக்குக் கைகலப்பு. அடுத்த வாரம் சர்வேயர். அதற்கடுத்த மாசம் கோர்ட். மரம் வருஷத்துக்கு எவ்வளவு புளி கொடுக்கும் என்று விசாரித்தேன். வக்கீலின் ஒரு வாய்தா ஃபீஸுக்குக் காணாது. இரண்டு மாநிலத்துக்கு நடுவில் கோடு போட ஒரு படாஸ்கர் கிடைத்தார், இந்த வரப்புக்கு ஆள் கிடைக்கவில்லை.

"கேஸ் போட்டது நைனா இல்ல" என்றான் நண்பன், நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "நான்தான். அப்ப காலேஜ் முடிச்ச வேகம். நைனா வேணாம்னுதான் சொன்னாரு."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கோயில்ல...?"

"நடுவுல டீச்சரம்மா சேர் இருக்குமே. டீச்சரம்மா ரெண்டு பேருக்குமே பாடம் எடுத்தவங்களோட தங்கச்சி. ரெண்டு பேருமே பயப்படுவாங்க."

"நீ போவியா?"

"நான் ஒம்பதரை ஆளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இங்கே ஒரு சின்ன இடைவேளை. மெட்ராஸ் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிட்டால்தான் மேலே போக வசதி.

ஆங்கிலிக்கன் என்பது இங்கிலாந்துத் திருச்சபை. நம்மூருக்குக் கும்பெனிக்காரர்களோடு கப்பலில் வந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680-ல் பிரதிஷ்டையானது. சூயஸுக்குக் கிழக்கே அவர்களுடைய பழைய சர்ச் அதுதான். அவர்களுக்கென்று ஒரு பொது ஜெபப் புத்தகம் உண்டு. 1662-ல் உறுதியான வடிவம். அதில் ஜெபங்கள் மட்டுமல்லாமல் நடுநடுவே ஐயருக்குச் சட்டதிட்டங்களும் போட்டிருக்கிறார்கள். ஒரு சட்டம்: ஊரில் எவ்வளவு கொஞ்சம் பேர் இருந்தாலும், குருவோடு சேர்ந்து குறைந்தது மூன்று பேராவது வாங்கினால்தான் நற்கருணை நடத்தலாம். சாமியார் பாட்டுக்குத் தனியாகப் பூசை செய்ய, ஜனங்கள் வேடிக்கை பார்க்கிற பழைய வழக்கம் பிடிக்காமல் வைத்த விதி. விருந்து என்றால் கூடச் சாப்பிட ஆள் வேண்டாமா?

இன்னொரு சட்டம் இதைவிட சுவாரஸ்யம். ஊரில் இரண்டு பேருக்குள் பகை இருப்பது ஐயருக்குத் தெரிந்தால், சமாதானமாகும் வரை இரண்டு பேரையும் மேசைக்குச் சேர்க்கக் கூடாது. ஒருத்தன் மனசார மன்னிக்கத் தயாராகி, இன்னொருத்தன் முரண்டு பிடித்தால், தயாரானவனைச் சேர்த்துக்கொள்ளலாம். முரடனுக்குக் கதவு சாத்து!

இங்கிலாந்து கிராமங்களில் இந்த ஆராதனை காலை எட்டு மணிக்கு, பாட்டில்லாமல், அரை மணி நேரத்தில் முடியும். வேறெதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் பெற வேண்டும் என்ற எண்ணம் 19-ம் நூற்றாண்டில் மறுபடி பரவியபோது இந்த விடியற்கால வழக்கமும் பரவியது. அதைத் திருநெல்வேலிச் சீமைக்கு மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். இடையன்குடியில் 33 வருஷம் பாடுபட்டு 1880-ல் ஒரு கோயிலைக் கட்டி முடித்தாரே கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், தமிழ் ஜெபப் புத்தகத்தைத் திருத்திய குழுவிலும் இருந்தார்.

திருத்தணி வட்டாரம் திருநெல்வேலி அல்ல. இது அமெரிக்கர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர் என்று பல மிஷன்கள் கால் வைத்த வடக்கு எல்லை. ராதாகிருஷ்ணனே திருப்பதியில் படித்தது ஜெர்மன் லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடம், வேலூரில் அமெரிக்க மிஷனின் ஊரிஸ் காலேஜ், மெட்ராஸில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய கிறிஸ்தவக் கல்லூரி. வாத்தியார்கள் இந்து மதத்தைக் குறை சொல்லப் போய்த்தான் அதைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இத்தனை மிஷனில் பல சேர்ந்து, 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சுதந்திரம் வந்து ஆறே வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒரே சபையாயின. அதுதான் சி.எஸ்.ஐ. நண்பன் ஊர்க் கோயில் சி.எஸ்.ஐ. எப்போதோ தெற்கேயிருந்து வந்த ஒரு ஐயர் இந்த விடியற்கால வழக்கத்தையும், 'மூணு பேர்' சட்டத்தையும் இங்கே விதைத்துவிட்டுப் போயிருக்கிறார். சி.எஸ்.ஐ-யில் அது இப்போது கட்டாயமில்லை. ஊர் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடைவேளை முடிந்தது.

காலை ஐந்தே முக்கால். பெரியவர் சாவிக்கொத்தோடு முன்னால் நடக்க, நான் பின்னால். நண்பன் மாடியில் குறட்டை.

கோயில் என்றால் கோபுரம், கண்ணாடி ஜன்னல் எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், முகப்பில் ஒரு சிலுவை, வாசலில் வேப்பமரம், மரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. அதுதான் மணி. படியில் நின்று வடக்கே பார்த்தால் தணிகைமலை விளக்குகள் இன்னும் அணையாமல் தெரிகின்றன. பெரியவர் கதவைத் திறந்துவிட்டு, இரும்புக் கம்பியால் தண்டவாளத்தை எட்டு தட்டு தட்டினார்.

உள்ளே மேற்கு வீட்டுத் தாத்தா! அவர் எப்போது வந்தார், எப்படி நுழைந்தார் என்றே தெரியவில்லை. மேசைத் துணியை விரித்து, மெழுகுவர்த்தியைச் சரி செய்துகொண்டிருந்தார். கவனித்ததில் ஒரு வேலைப் பிரிவினை புரிந்தது. சாவி, மணி, கணக்கு நோட்டு: நைனா. துணி, விளக்கு, தண்ணீர்: தாத்தா. ஒருவர் திண்ணைப் பக்கம் போனால் மற்றவர் மேசைப் பக்கம். இத்தனை வருஷமாக ஒரு தடவைகூட மோதிக்கொள்ளாமல் நடமாடியிருக்கிறார்கள். டிராஃபிக் போலீஸ் இல்லாத ஜங்ஷனில் இப்படி ஓட்டினால் நம் சென்னை எங்கேயோ போய்விடும்.

முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மூட்டு வலிக்காரர்களுக்காக. மற்றபடி தரையில் கோரைப்பாய். நைனா இடது நாற்காலி, தாத்தா வலது நாற்காலி. நடுவில் காலி. நான் பின்னால் பாயில் உட்கார்ந்தேன்.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு பைக் சத்தம். ஐயர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டே நாற்காலிகளைப் பார்த்தார்.

"டீச்சரம்மா?"

இரண்டு கிழவர்களும் தனித்தனியாக ஐயரிடம் பதில் சொன்னார்கள். மெட்ராஸில் மகள் வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இருவருக்குமே முன்னாலேயே தெரியும். இருந்தும் இருவருமே வந்திருக்கிறார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"ஐயா, நான் சும்மா பார்க்க வந்தவன். கணக்குல சேர மாட்டேன். எனக்குத் திருத்தணியில மொட்டை போட்டாச்சு" என்று உளறினேன்.

ஐயர் சிரித்துவிட்டார். கிழவர்கள் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கே நடத்திடலாம், ஒண்ணும் தப்பில்ல" என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். நைனா தலையை ஆட்டினார். தாத்தாவும் அதே பக்கமாகத் தலையை ஆட்டினார். "வழக்கம் இல்லீங்க" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே வார்த்தை! சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்து, ஒருவர் ஜன்னலையும் ஒருவர் கதவையும் பார்த்தார்கள்.

ஐயர் வாட்ச்சைப் பார்த்தார். ஏழு மணிக்கு அடுத்த ஊர். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் ஓட ஆரம்பித்தேன். இரண்டு தெரு. மூன்று நாய். அதில் ஒன்று சீரியஸாகவே துரத்தியது. மாடி ஏறி நண்பனை உலுக்கினேன்.

"எழுந்திரு, ஆள் குறையுது."

"என்னாத்துக்கு?"

சொன்னேன். அவன் பாயில் உட்கார்ந்து, "அந்த ஆள் வந்துருக்கானா?" என்றான்.

"வந்துருக்காரு. உங்கப்பாவும் உட்கார்ந்துருக்காரு. நீ வரலைன்னா ரெண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போகணும்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். கீழே அவன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல. மாடிப்படிக்குக் கீழே ஒரு சொம்பு தண்ணீரையும் இஸ்திரி போட்ட சட்டையையும் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். இவன் இறங்கி முகம் கழுவினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறே கால். நண்பன் பாயில் என் பக்கத்தில்தான் உட்காரப் பார்த்தான். ஐயர் ஒன்றும் சொல்லாமல் நடு நாற்காலியைக் கையால் காட்டினார். இவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். போய் உட்கார்ந்தான். இடது பக்கம் நைனா, வலது பக்கம் எதிர்தரப்பு.

ஆராதனை ஆரம்பித்தது.

பாட்டில்லாத வழிபாடு எனக்குப் புதுசு. நம் வழிபாட்டில் ஏதாவது ஒலித்துக்கொண்டே இருக்கும். மணி, நாதஸ்வரம், ஜேப்படி ஜாக்கிரதை அறிவிப்பு. கிறிஸ்துவக் கோயில் என்றால் கோரஸ், ஆர்கன், கைதட்டல் என்று சினிமா பார்த்துப் பழக்கம். இங்கே நாலு பேர் சாதாரணக் குரலில், வாசலில் நின்று பேசுகிற மாதிரி, கடவுளோடு பேசுகிறார்கள். ஐயர் ஒரு வரி, மூன்று பேர் ஒரு வரி. கூட்டத்தில் வாயசைத்துத் தப்பிக்கிற வசதி கிடையாது. மூன்று பேரில் ஒருவர் நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

பாவ அறிக்கை என்று ஒன்று வந்தது. முழங்காலில் நின்று சேர்ந்து சொல்லுகிறார்கள். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் செய்த தப்புகளை ஒப்புக்கொள்ளுகிற பகுதி. நைனாவுக்குக் கொஞ்சம் தெலுங்கு வாடை, தாத்தாவுக்கு மூச்சு வாங்கல். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. சின்ன வயசில் ஒரே வாத்தியாரிடம் ஒரே பெஞ்சில் மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். தெருவில் 'தண்ணி வந்துச்சா' என்றுகூடக் கேட்டுக்கொள்ளாத இரண்டு பேர், மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம், ஒரே வார்த்தையை ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். நடுவில் நண்பனுக்குத்தான் வரி மறந்துபோய், இருவருக்கும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

வசனம் வாசித்தார்கள். ஐயரின் பிரசங்கம் ஐந்தே நிமிஷம் (இதற்காகவே அவருக்கு ஒரு ஓட்டு). எங்கேயோ ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த 'டக்கடிக்'தான் அன்றைக்கு ஆர்கன்.

அப்புறம் வந்ததுதான் முக்கியம். 'சமாதானம்' என்கிறார்கள். மேசைக்குப் போவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும். நாம் ஆபீஸில் செய்கிற 'ஷேக் ஹேண்ட்' இல்லை. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இரண்டு பேருமே இடது கையால் எதிராளியின் வலது கையை மூடுகிறார்கள். நாலு கையும் ஒரு பொட்டலம் மாதிரி. கேரளத்து சிரியன் கிறிஸ்துவர்களிடமிருந்து எடுத்து, சி.எஸ்.ஐ-யின் 1950-ம் வருஷத்துத் திருவிருந்து முறையில் சேர்த்தார்கள். ஆங்கிலிக்கன் புத்தகத்தில் இது கிடையாது. அங்கே பகைக்காரனை வெளியே நிறுத்தச் சட்டம் போட்டார்கள். இங்கே கையைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பிற்பாடு வெள்ளைக்காரச் சபைகள் பலவும் இந்த வழக்கத்துக்கு வந்து சேர்ந்தன. நாம் ஏற்றுமதி செய்ததில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான நாளில் டீச்சரம்மா நடுவில் இருப்பார். நைனாவிடம் வாங்கித் தாத்தாவிடம் கொடுப்பார். இரண்டு கிழவர்களுக்கும் கௌரவம் கெடாது.

ஐயர் நைனாவிடம் கொடுத்தார். நைனா மகன் பக்கம் திரும்பினார். அப்பாவும் பிள்ளையும் கையைக் கோத்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். நைனா உடனே விடவில்லை. ஏதோ கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

நண்பன் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. தறி நாலு தடவை அடித்தது. எண்ணினேன். ஐயர் மேசைக்குப் பின்னால் கண்ணைத் தாழ்த்தி நின்றார். நைனா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா மட்டும் இரண்டு கையையும் விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவசரமே இல்லாமல், ரேஷன் கடையில் காத்திருக்கிற மாதிரி.

அப்புறம் நண்பன் திரும்பினான். கையைக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். தாத்தா வாங்கிக்கொண்டார். இரண்டு நொடி. அவ்வளவுதான்.

தாத்தா நாற்காலியோடு மெதுவாகத் திரும்பி, பாயில் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார். எனக்கும் உண்டு என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முழங்காலில் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன். தறிக்காரக் கை. விரல் நுனிகள் காய்த்துப்போய், உள்ளங்கை மட்டும் மெத்தென்று சூடாக இருந்தது. வரிசையில் கடைசி ஆள் நான். என்னிடமிருந்து வாங்க யாருமில்லை. கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

மேசைக்கு மூன்று பேரும் போனார்கள். அப்பத்தைப் பிட்பதற்கு முன் கொஞ்ச நேரம் முழு மௌனம். அந்த ஒரு நிமிஷம் தறியும் நின்றுவிட்டது (நூல் அறுந்திருக்கும்). விருந்து என்ற பெயருக்கு ஒரு சின்னத் துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சரசம். திரும்பி எழுந்திருக்கும்போது தாத்தாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நண்பனின் கை தானாக நீண்டது. தாத்தா அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்து எழுந்துகொண்டார். நான் இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும். அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதத்தான் ஆசை.

ஆறே முக்காலுக்கு முடிந்தது. ஐயர் அங்கியை மடித்துப் பையில் வைக்கும்போது நான் அந்தப் பகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். (முந்தின ராத்திரி நண்பன் அரைகுறையாகச் சொல்லியிருந்தான்.) "அப்படிப் பார்த்தா இவங்க ரெண்டு பேரையும் நீங்க வெளியில நிறுத்தணுமே?"

ஐயர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ரெண்டு பேரையும் நிறுத்திட்டா, நான் டீச்சரம்மா ஒருத்தருக்கு எப்படித் தம்பி நடத்துறது? மூணு பேர் வேணுமே!"

பைக் கிளம்பிப் போய்விட்டது. தாத்தா மெழுகுவர்த்தியை அணைத்துத் துணியை மடித்தார். நைனா கதவைப் பூட்டினார். இரண்டு பேரும் இரண்டு திசையில் நடந்தார்கள். தாத்தா மட்டும் வேப்பமரத்தடியில் நின்று, யாரையும் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று நண்பனைக் கேட்டேன்.

"இந்த வருஷம் புளி நல்லா காச்சிருக்குதாம்."

"யாருகிட்ட சொன்னாரு?"

"தெரியல" என்றான்.

மலைக்குப் போகாமல் வந்தால் வீட்டில் கேள்வி வருமே என்று, பத்து மணிக்கு அவனே என்னைத் தணிகைக்குக் கூட்டிப் போனான். அடிவாரத்தில் ஒருவர் என் தலையைப் பார்த்து, "மொட்டையா சார்?" என்றார். "இந்தத் தடவை இல்லை" என்று சொல்லிவிட்டு 365 படியும் ஏறினேன். நண்பன் பாதிப் படியில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நான் இறங்கி வரும்வரை அங்கேயே இருந்தான்.

சாயங்காலம் லோக்கலில் கூட்டம். அரக்கோணத்தில்தான் இடம் கிடைத்தது. அவனுக்கு வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. நைனா.

"சரி நைனா... ம்... எவ்ளோ நாளு?... சரி."

வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "டீச்சரம்மாவுக்கு ஒரு மாசத்துக்குப் பிரயாணம் கூடாதாம். அடுத்த கண்ணுக்கும் உடனே பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாராம்."

"அப்ப அடுத்த மாசமும் மூணாவது ஆள்?"

பதிலில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திருவள்ளூர் தாண்டி, வெளியே நன்றாக இருட்டின பிறகு செல்போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தான்.

"கோர்ட்ல வாய்தா என்னிக்குனு பாக்குறியா?" என்றேன்.

"இல்ல. ரெண்டாவது ஞாயிறு என்னா தேதி வருதுன்னு பாக்குறேன்."